மறுதடவைக்கு உதவாத ஊர்

ஏழூத்துப்பட்டியில் முதன்முதலாக ஒரு தடவைக்கு மேல் உதவாமல் போனது செவந்தியப்பனின் டீக்கடைக் கரண்டிதான். முதல் டீக்குச் சீனி அள்ளிப் போட்டது, இரண்டாவது டீக்கு அள்ளப்போனால் காம்பு தனி கிண்ணம் தனி என்று டப்பாவுக்குள் கழன்று விழுந்தது. அவன் வேறு கரண்டி எடுத்தான், அதுவும் ஒரு டீயோடு தன் கடமை முடிந்ததென்று பிரிந்துகொண்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சந்தையில் இப்போது எல்லாமே போலிச் சரக்கு என்று பேசிக்கொள்ள, செவந்தியப்பன் கையாலேயே சீனியை அள்ளிப் போட்டான். கை கழன்று விழாததற்காக அன்று யாரும் சாமி கும்பிடவில்லை.

அந்த வாரமே குடம் ஒரு நடைக்கு மேல் தண்ணீர் தாங்காமல் போனது, விளக்குமாறு ஒரு வாசலுக்கு மேல் கூட்டாமல் போனது, செருப்பு போகிற வழியில் உழைத்துத் திரும்புகிற வழியில் அறுந்தது, படுத்து எழுந்த கட்டில் மறுநாள் ராத்திரி ஆளோடு தரையில் உட்கார்ந்தது, சாத்திய கதவு மறுபடி திறக்க மாட்டேன் என்று நின்றது. ஊர் என்பது எதையும் பழகிக்கொள்ளும். கதவு திறக்கவில்லையா, சாத்தாமல் விட்டார்கள். அடுப்பு அணைந்தால் மறுபடி பற்றாது என்று தெரிந்ததும் அடுப்பை அணைக்காமல் விட்டார்கள், அணைக்காத வரைக்கும் அது ஒரே தடவைதானே. செவந்தியப்பனின் பாய்லர் இரவு பகலாக எரிந்துகொண்டே இருந்தது இப்படித்தான். மற்றதற்கெல்லாம், ஒரு தடவைக்கென்றே செய்த சாமான்கள் கடையில் இருக்கவே இருந்தன. தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் பாலிதீன் பையும் பேப்பர் கப்பும்தான் அந்த நாட்களில் சொன்ன சொல் தவறாத சாமான்கள், ஒரு தடவை என்றால் ஒரு தடவை, அவற்றிடம் யாரும் ஏமாறவில்லை. சாப்பிட்டார்கள், குடித்தார்கள், கொண்டுபோய்க் கண்மாயில் கொட்டினார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் குப்பை நின்றது, கரையைத் தொட்டது, கரையைத் தாண்டி எழுந்தது. காற்று அடித்தால் அந்த மேடு முழுவதும் சரசரவென்று பேசிக்கொள்ளும் சத்தம் மேலத்தெரு வரைக்கும் கேட்கும். பகலிலேயே அந்தப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு போகப் பயந்தார்கள்.

சாமானோடு நின்றிருந்தால் ஏழூத்துப்பட்டி இன்றைக்கும் அப்படியே காலம் தள்ளியிருக்கும். நிற்கவில்லை.

மேலத்தெரு சுப்புக்காளை ஒரு மத்தியானம் பொண்டாட்டியைக் கூப்பிட்டு வெற்றிலைப் பெட்டி கேட்டார், கொண்டுவந்து கொடுத்தாள். சற்று நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “நீங்க எந்த ஊரு? யாரப் பாக்க வந்திருக்கீக?” என்றாள். அந்த மனுஷர் முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், பிறகு அழுதார். அவள் அன்னிய ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கக் கூசிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அது வீடு வீடாக நடந்தது. ஒருவர் கூப்பிட்டு இன்னொருவர் ஏன் என்று கேட்டுவிட்டால் அந்த இருவருக்கும் நடுவே இருந்தது அதோடு சரி. மறுதடவை கூப்பிடும்போது ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. சில வீட்டில் கூப்பிட்டவர் மறந்தார், சில வீட்டில் வந்தவர் மறந்தார், யாருக்கு எது விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே ஊர் கூப்பிடுவதை நிறுத்தியது. கைதட்டிப் பார்த்தார்கள், அதுவும் கூப்பிடுவதாகவே கணக்காகிவிட்டது. பிறகு வீட்டுக்குள் பேச்சே நின்றது. கோழியைக் கூடக் கூப்பிடாமல் துரத்திப் பிடித்தார்கள்.

செவந்தியப்பன் பொண்டாட்டி குருவம்மாவுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தது, செல்லக்கனி என்று பெயர். பிறப்பதற்கு முன்னால் மூன்று தங்காமல் போய், நாலாவதாக நின்ற பிள்ளை. சுப்புக்காளை வீட்டுச் சேதி காதில் விழுந்த அன்றே குருவம்மா தன் பழைய சேலையைக் கிழித்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டாள். கட்டியிருந்தால் கூப்பிட வேண்டியதில்லை. அவிழ்க்காத வரைக்கும் அது ஒரே தடவை. பிள்ளை “அம்மா” என்று வாயெடுத்தால் அந்த வாயைப் பொத்தினாள், பொத்துவதற்குள் சொல்லிவிட்டால் காது கேளாதவளாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்து, கேட்டுக் கேட்டு, பதில் வராமல் தேம்பித் தூங்கிப்போகும். தூங்கின பிறகு குருவம்மா அந்தப் பெயரைச் சத்தம் வராமல் உதட்டால் மட்டும் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான், என்றாவது ஒரு நாள் தன் பிள்ளையை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிடுவோமோ என்பது.

இந்தச் சமயத்தில் பேப்பர் கப் நின்றுபோனது. கப் கொண்டுவரும் வேன் தார்ச்சாலையிலிருந்து ஊருக்குள் பிரிகிற பாதையில் ஒரு தடவை வந்து போயிருந்தது, மறுதடவைக்கு அந்தப் பாதை டிரைவர் கண்ணில் படவில்லை. அவன் பாட்டுக்கு நேராகப் போய்விட்டான்.

கப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப் வருவதற்கு முன்னால் செவந்தியப்பன் கடையில் முன்பக்கம் மேலத்தெருவுக்குக் கிளாஸ், பின்பக்கம் வேப்பமரத்து ஆணியில் தெற்குத்தெருவுக்குத் தனிக் கிளாஸ். தெற்குத்தெரு ஆட்கள் தாங்களே எடுத்து, நின்றுகொண்டு குடித்து, தாங்களே கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். பேப்பர் கப் வந்ததும் அந்த வழக்கம் ஒழிந்தது, ஊர் திருந்திவிட்டது என்று பேச்சாளர்கள் பேசினார்கள். திருந்தவும் இல்லை ஒன்றும் இல்லை. குடித்துவிட்டு எறிகிற சாமானில் யார் வாய் பட்டது என்று கேட்க வேண்டிய வேலை மிச்சமானது, அவ்வளவுதான்.

கப் தீர்ந்த அன்று செவந்தியப்பன் பரணிலிருந்து கண்ணாடிக் கிளாஸ் மூட்டையை இறக்கினான். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவன் கை தானாகவே நாலு கிளாஸைப் பிரித்தெடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய் ஆணியில் மாட்டியது. முன்பக்கக் கிளாஸ்கள் ஒரு டீயைத் தாங்கின. கழுவி மறுதடவை ஊற்றினபோது ஒவ்வொன்றாகத் தெறித்தன. குடிக்க வந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் சம்மணமிட்டார்கள்.

அப்போது தெற்குத்தெரு ராக்கு வந்தாள். களையெடுப்புக்கு ஆள் கூட்டிப் போகிறவள், வாய் நீளம் என்று மேலத்தெரு பெண்கள் சொல்வார்கள், சொல்லிவிட்டு அவள் பேசுவதைக் கேட்க நின்று கொள்வார்கள். பின்பக்க ஆணியைப் பார்த்தாள், முன்பக்கக் கிளாஸைப் பார்த்தாள்.

“என்ன மொதலாளி, ஆணிக்கு வேல வந்துருச்சு போல?”

“கோவிச்சுக்காத ராக்கு, கப்பு வரல. வந்துட்டா பழையபடிதான்.”

“கப்பு வந்தா மனுசி, வரலைன்னா ஆணியா? நல்லாருக்கே நாயம்.”

சொல்லிக்கொண்டே முன்பக்கம் கவிழ்த்திருந்ததில் ஒரு கிளாஸை எடுத்து நீட்டினாள். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க என்ன செய்வதென்று தெரியாமல் செவந்தியப்பன் ஊற்றிவிட்டான். அவள் உதடு வைத்து, ஊதி ஊதி, அவசரப்படாமல் குடித்து, கிளாஸை மற்ற எச்சில் கிளாஸோடு வைத்துவிட்டுப் போனாள். இடுப்பில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த குருவம்மாவுக்கு எது யார் குடித்தது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்து வந்த பருத்தித் தரகர் வேலாண்டிக்கு அதில் ஒன்று போனது. மற்றதெல்லாம் தெறித்தது, அது தெறிக்கவில்லை. வேலாண்டி குடித்து முடித்து, ருசியாக இருக்கிறதென்று இன்னொன்று வாங்கியும் குடித்தார்.

அது ராக்கு குடித்த கிளாஸ் என்று பெஞ்சில் இருந்த ஒருவன் அடையாளம் சொன்னதும், வேலாண்டி வேப்பமரத்தடிக்குப் போய்த் தொண்டைக்குள் விரல் விட்டார், கிணற்றடியில் தலைமுழுகினார், செவந்தியப்பனின் ஏழு தலைமுறையையும் வைதார். ஆனால் அன்று போன அவர் செருப்பு திரும்பி வந்தது. அவர் வீட்டுக் கதவு சாத்தித் திறந்தது, சாத்தித் திறந்தது. பழக்கதோஷத்தில் பொண்டாட்டியைக் கூப்பிட்டுவிட்டார், பயந்துபோய் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார், அவள் “ஒரு தரம் கூப்பிட்டா போதாதா, எனக்கென்ன காது செவிடா?” என்று கத்தினாள். மூன்று தெருவுக்குக் கேட்டது. ஊரே தன் தன் வாசலுக்கு வந்து நின்று, ஒரு பொம்பளை புருஷனைத் திட்டுகிற சத்தத்தை அழாத குறையாகக் கேட்டது.

மந்தையில் ஊர் கூடியது. விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, ஆனால் விளங்கின விஷயத்தை அப்படியே ஒப்புக்கொண்டால் ஊர் என்று எதற்கு இருப்பது? ராக்குவின் வாயில் சாமி இறங்கியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். மனுஷியோடு சேர்ந்து குடிக்க முடியாதவர்களுக்குச் சாமியைக் கும்பிடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு பித்தளை டம்ளர் வாங்கி, மஞ்சள் கயிறு சுற்றி, அது அவளுக்கென்றே தனி என்று வைத்தார்கள். அவளை மந்தையில் பலகை போட்டு உட்காரவைத்து, வரிசையாகக் குடமும் செம்பும் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வைக்கச் சொன்னார்கள். அவள் வாய் வைத்ததைப் பூசாரி வாங்கி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புளி போட்டுத் தேய்த்து, தீட்டுப் போக்கி, அப்புறம்தான் உரியவர் கையில் கொடுத்தார். முதல் செம்பில் தண்ணீர் ஊற்றியதும் அது சட்டி உடைகிற மாதிரி உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. மஞ்சள் கயிறு சுற்றின டம்ளர் ராக்குவின் கையிலேயே இரண்டாய்ப் பிளந்தது.

அவள் பலகையை விட்டு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“என் வாயில என்ன சாமி இருக்கு? பல்லும் நாக்கும்தான் இருக்கு, ஒங்களுக்கு இருக்க மாதிரி. நான் குடிச்சதுல நீங்க குடிங்க, நீங்க குடிச்சதுல நான் குடிக்கேன். முடியலயா, ஆள விடுங்க, களையெடுக்கப் போகணும்.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பிறகு பெரியவர்கள் கூடிக் கட்டுப்பாடு போட்டார்கள். டீக்கடையில் ராக்கு வாய் வைத்த அந்தக் கிளாஸில் குடிக்கிற வீட்டோடு யாருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, நல்லது கெட்டது கிடையாது, நெருப்பு தண்ணீர் கிடையாது. பெற்ற பிள்ளைகளின் முகம் மறந்துபோன வீடுகளிலிருந்து வந்தவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் குருவம்மா இடுப்புத்துணியைக் கையில் சுற்றிப் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். குப்பை மேட்டைப் பார்த்துக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

ராக்கு மட்டும் தினமும் கடைக்கு வந்தாள். முன்பக்கம் நின்று, தெறிக்காத அந்த ஒரே கிளாஸைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். தடுக்கத் தைரியம் இல்லை, சேர்ந்து குடிக்கவும் தைரியம் இல்லை, ஊர் அவளைப் பார்க்காதது போல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் குருவம்மா கடைக் குப்பையைக் கொட்டக் கண்மாய்க்குப் போனாள். கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்க்கும்போது இடுப்புத்துணி நைந்து அறுந்ததை அவள் உணரவில்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளை குப்பை மேட்டில் பாதி உயரத்தில் இருந்தது, வண்ணக் காகிதம் ஒன்றைப் பிடிக்கத் தவழ்ந்து ஏறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கூப்பிடாமல் ஓடினாள். அவள் காலை வைத்ததும் மேடு சரிந்தது. கப்பும் தட்டும் பையும் சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கிப் பிள்ளையை இடுப்பு வரைக்கும், கழுத்து வரைக்கும் மூடின. கனமே இல்லாத அந்தச் சாமான்கள் அவ்வளவு சேர்ந்தால் மண்ணை விடக் கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“அம்மா!”

“இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன் தாயி!”

சொல்லிவிட்டாள். தோண்டித் தோண்டி, கையைக் கிழித்துக்கொண்டு, பிள்ளையை இழுத்தெடுத்து மார்போடு அணைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. இருந்த ஒரு தடவையும் போய்விட்டது. பிள்ளை பயத்தில் விக்கி விக்கி, அடுத்த “அம்மா”வுக்கு உதட்டைக் குவித்தது. குருவம்மா அந்த வாயை இறுகப் பொத்தினாள். பொத்தின கையை எடுக்காமல், பிள்ளை திமிறத் திமிற, முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். இந்த மூக்கு, இந்தத் தழும்பு, இந்தச் சுருட்டை முடி, செல்லக்கனி, செல்லக்கனி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மேலத்தெரு முழுவதும் பார்க்க, தலை அவிழ்ந்து, கடைவாசலுக்கு வந்து நின்றாள்.

ராக்கு பாதி டீயில் இருந்தாள்.

“ராக்கு, அதக் குடு.”

ராக்கு அவளைப் பார்த்தாள், பொத்தின வாயைப் பார்த்தாள். “கழுவித் தரட்டுமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“வேணாம். அப்படியே குடு.”

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். “ஏய், குடிச்சே... குடிச்சே, அம்புட்டுத்தான்” என்று பாய்லருக்குப் பின்னாலிருந்து செவந்தியப்பன் மிரட்டினான். குருவம்மா ராக்கு உதடு வைத்த இடத்திலேயே உதடு வைத்து மிச்சத்தைக் குடித்தாள். டீ ஆறிப்போய் இருந்தது, சீனி அடியில் தங்கியிருந்தது. குடித்துவிட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை ராக்கு தன் கையால் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா” என்றது பிள்ளை.

“என்னடி?”

“அம்மா.”

“என்னடி என் தங்கம்?”

“அம்மா, அம்மா, அம்மா.”

“சொல்லுடி, சொல்லு, சொல்லிக்கிட்டே இரு.”

குருவம்மா தெருவில் உட்கார்ந்து ஓங்கி அழுதாள். எதிர்வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். வாசல்களில் நின்ற பெண்கள் அந்தக் கிளாஸைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் புருஷன்மாரைப் பார்த்தார்கள். ஒருவரும் படியிறங்கவில்லை.

செவந்தியப்பன் கடையை விட்டு வெளியே வந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தான், நாளைக்கு யார் வருவார்கள் என்று நினைத்தான், கட்டுப்பாட்டை நினைத்தான். ராக்குவின் கை தன் பொண்டாட்டியின் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்தான். பயம் மனுஷனை யோசிக்க விடுவதில்லை.

“செல்லக்கனி! அவட்ட நிக்காத, இங்க வா!” என்று கத்தினான்.

“என்னப்பா?” என்று பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

குருவம்மா “அய்யய்யோ” என்றாள். அவனுக்கும் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். கூப்பிடக் கூடாது என்று தெரியும், கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் போல மெதுவாக, “கனி” என்றான்.

பிள்ளை அவனைப் பார்த்தது. பார்த்துவிட்டு நகர்ந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

“அம்மா, யாரும்மா இவரு?”

குருவம்மா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாய்லருக்குப் போய், ராக்கு குடித்து, தான் குடித்த அந்தக் கிளாஸில் டீயை நிரப்பிக் கொண்டுவந்து புருஷன் முன்னால் தரையில் வைத்தாள்.

“டீ குடிக்க வந்தவருடி” என்றாள். “குடிப்பாரான்னுதான் தெரியல.”